ஐந்நூறு பேர்

சவர்க்காரப் பெட்டியளவு.
இரண்டரை அங்குலத் திரை, ஏழு பொத்தான்,
பழைய நோக்கியாவின் பற்றரி ஒன்று.
அஸ்மீர் கல்முனைக் கடையில் வைத்துப் பற்றவைத்தான்,
நான் களுவாஞ்சிகுடியில் இருந்து நிரல் எழுதினேன்.
பெயர் ஊரி.
கடற்கரையில் காலில் குத்துமே, அதுதான்.

சுற்றுப்படம் எல்லாருக்கும் திறந்தது.
யாரும் பார்க்கலாம், யாரும் செய்யலாம்,
எங்களை விடத் திறமாகச் செய்து
எங்களுக்கே விற்கலாம்.
அதில் எனக்குப் பயமில்லை.
பயம் மற்றப் பக்கத்தில்,
காசு கேட்கிற பக்கத்தில்.

ஒன்று செய்தால் பதினோராயிரம்.
ஐம்பது செய்தால் எட்டாயிரம்.
ஐந்நூறு செய்தால் நாலாயிரத்து இருநூறு.
கொப்பியில் மூன்று வரி, அவ்வளவுதான் கணக்கு.
நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் வாங்கக்கூடிய விலைக்கு
ஐந்நூறு பேர் வேண்டும்,
சாமானைக் காணாமலே காசு தர.
விலை குறையக் குறைய
கடன் தந்தவர் தொகை கூடுகிறது.

"கடனில்ல புள்ள அது. ஆதரவு" என்கிறான் அஸ்மீர்.

ஆதரவு.
அம்மா ஐந்து பேர் குழுவில் ஒருத்தியாய்க் கையெழுத்து வைத்த நாளில்
அந்தக் கம்பனிக்காரரும் அதைத்தான் சொன்னார்கள்.
யோகமலர் அக்கா கட்டாத கிழமைகளை
மற்ற நாலு பேரும் கட்டினார்கள்.
அக்காவின் தையல் மெசின் போனது.
அம்மாவின் காப்புப் போனது.
பிறகு, இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சு.

ஸ்காபரோவில் இருந்து கோபிகரன் மச்சான்:
காசு வந்துசேர வெளிநாட்டுக் கணக்கு வேண்டுமாம்,
தன்னுடையதைத் தருவானாம்.
வீடியோவில் கல்லடிப் பாலத்தைக் காட்டு,
பாடும் மீனைச் சொல்லு,
யுத்தத்தையும் சுனாமியையும் கொஞ்சம் தொட்டு விடு,
அழுதால்தான் தருவார்கள்.
மச்சான், இது விளையாடுகிற பெட்டி.
சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினான்.
நான் பாலம் வரவேண்டிய இடத்தில்
குழியைத் தேடி ஓடுகிற நண்டை வைத்தேன்.

மூன்று இரவாய் அந்தப் பக்கம் மடிக்கணினியில் திறந்தபடி.
எல்லாம் நிரப்பியாயிற்று.
'வெளியிடு' என்ற பச்சைப் பொத்தான் மட்டும் மிச்சம்.
ஏழு பொத்தான் வைத்தவளுக்கு
எட்டாவதை அமத்தக் கை வரவில்லை.
இடதுபக்கப் பொத்தான் உப்புக்காற்றில் இறுகும்,
அது அஸ்மீருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
அதையும் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன்.

செவ்வாய்.
கடன் சேர்க்கிற தம்பி பக்கத்து வீட்டு வாசலில்
மோட்டார்சைக்கிளை நிறுத்தினான்.
யோகமலர் அக்கா வீட்டில் இல்லை,
அல்லது இருந்தும் இல்லை.
வெயில். எங்கள் மாமர நிழலுக்கு வந்தான்.
மேசையில் கிடந்த ஊரியை எடுத்தான்,
கேட்காமலே.
நண்டு மூன்று தரம் செத்தது.
நாலாம் தரம் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"என்ன விலை?"

இன்னும் செய்யல்ல, என்றேன்.
செய்தாலும் மாசியாகும்.
செய்யாமலும் போகலாம்.
இடதுபக்கப் பொத்தான் இறுகும்.

"பொம்புளப் புள்ள ஒண்டு இருக்கு. எழுதிக்கொள்ளுங்க."

ஆயிரம் ரூபாய்த் தாளை மேசையில் வைத்து
அதன்மேல் ஊரியை வைத்தான், காற்றுக்கு.
"ரசீது?"

என்னிடம் ரசீதுப் புத்தகம் இல்லை.
அவனே தன் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
பின்பக்கம் திருப்பித் தந்தான்.
முன்பக்கம் கிழமை, தவணை, தண்டம்.
பின்பக்கம் நான் எழுதினேன்:
பெற்றுக்கொண்டேன். பெயர். திகதி.
என் கையெழுத்தும் அம்மாவினுடையதைப் போல
கடைசியில் கொஞ்சம் கீழே சரிகிறது.

மோட்டார்சைக்கிள் தூசி அடங்க முன்
அஸ்மீருக்கு அடித்தேன்.
அமத்தட்டா, என்றேன்.
"எத்தின பேர் வேணுமெண்டு முடிவாச்சா?"

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது
பாக்கி.