பதினேழாம் துளை

கண்டெய்னர் லாரிக்குப் பின்னால்
கணவாயில் நாற்பது நிமிடம் ஊர்ந்து
ஏலக்கூடத்துக்குள் நுழைகிறேன்.
பன்னிரண்டு பத்து.
ஒரு மணிக்கு ஏலம்.
பதினொரு டன் காட் மீன்
பனிக்கட்டிக்குள் வாய் பிளந்து கிடக்கிறது.
வாங்குகிறவர்கள் எவரும் இங்கே இல்லை.
ரேக்யவிக்கில் ஒருவன், ஹல் நகரில் ஒருவன்,
பூலோன் துறைமுகத்தில் சிகரெட்டோடு ஒருத்தி.
அவர்களுக்கு இந்த மீன்
திரையில் ஒரு வரி.
அந்த வரிதான் காலையிலிருந்து போகவில்லை.

"இன்டர்நெட் செத்துப்போச்சு" என்கிறார் ஆஸ்முண்டுர்,
மாமனார் போனதைச் சொன்ன அதே குரலில்.
எது செத்தது என்று கேட்டால்
கை வானத்தைக் காட்டுகிறது.
வானத்தில் ஒன்றுமில்லை, ஆஸ்முண்டுர்.
எல்லாம் இங்கே, முழங்கால் உயரத்தில்,
செதில் ஒட்டிய சுவரில்.

முதலில் சின்ன வெள்ளைப் பெட்டி.
ஃபியோர்டின் அடியில் படுத்து வரும் கண்ணாடி இழை
இங்கேதான் கரையேறுகிறது,
ஒளியாய் வந்து மின்சாரமாய் இறங்குகிறது.
பச்சை. நலம்.
அடுத்து ரவுட்டர்.
எந்தக் கடிதம் எந்த ஊருக்கு என்று
இந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள்.
நெற்றி தொட்டால் சுடுகிறது,
ஆனால் காய்ச்சல் இவனுடையதல்ல.
யாரோ காதருகே ஓயாமல் கத்துகிறார்கள்.

சுவிட்ச்.
இருபத்து நான்கு துளை.
வழக்கமாக ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நடை உண்டு:
எடை மேடை விட்டுவிட்டு,
பிரின்டர் எப்போதாவது,
கணக்கறை சோம்பலாக,
கூரையில் தொங்கும் வைஃபை பெட்டி படபடவென்று.
இன்று எல்லாம் ஒரே தாளம்,
ஒரே வெறி.

தெரியும் எனக்கு இந்தத் தாளம்.
ஏதோ ஒரு கணினி
"எடை மேடையே, எங்கே இருக்கிறாய்?" என்று
ஒரே ஒரு முறை கேட்டிருக்கும்.
கேள்வி ஒரு துளையில் வெளியேறி
இன்னொரு துளையில் உள்ளே வந்து
புதுக் கேள்விபோல் மறுபடி கிளம்பி
எங்கே எங்கே எங்கே எங்கே
என்று பெருகிப் பெருகி
பதில் நுழைய இடமில்லாத வீடு.
அப்படி ஒரு வீட்டில் நான்கு வருடம் குடியிருந்தேன்.
அது வேறு கதை.
வளையம் கண்டால் வாயை மூடிக்கொள்ளும் சுவிட்சும் உண்டு;
வாங்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன்.
ஆஸ்முண்டுர் மலிவானதை வாங்கினார்.

மண்டியிட்டுத் தடவிப் போகிறேன்.
நீலம் கணக்கறைக்கு.
சாம்பல் எடை மேடைக்கு.
மஞ்சள் ஒன்று
பதினேழில் புறப்பட்டு
மேசைக்காலைச் சுற்றி
குளிரறைக் கதவுவரை போய்
மனம் மாறி
பத்தொன்பதுக்கே வந்து சேர்கிறது.

நகத்தால் அழுத்தி இழுக்கிறேன்.
ஒரு கணம் விளக்குகளுக்கு வாயடைக்கிறது.
பிறகு எடை மேடை ஏதோ கேட்கிறது.
யாரோ அதற்குப் பதில் சொல்கிறார்கள்.

"அது நான்தான்."
யாத்விகா. ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய்.
வேற்றுமை உருபெல்லாம் இடம் மாறிய
ஆறு வருட ஐஸ்லாந்து மொழியில் சொல்கிறாள்:
ராத்திரி தரை கழுவும்போது முனை கீழே கிடந்தது.
நனைந்துவிடுமே என்று பார்த்தாள்.
பக்கத்தில் ஒரு துளை காலியாக இருந்தது.

அந்த முனையை விட்டுப் போனது நான்.
மார்ச்சில், புயல் எச்சரிக்கை,
கணவாயை மூடுவதற்குள் வீடு திரும்பும் அவசரம்.

மாடியிலிருந்து ஆஸ்முண்டுர்:
"என்ன கோளாறு?"
"கேபிள்" என்கிறேன்.
பொய் இல்லை.

"சரி, அந்த முனை எங்கே போகணும்?"
யாத்விகா இன்னும் நிற்கிறாள்.
எங்கேயும் இல்லை என்கிறேன்.
"எங்கேயும் போகாததை
ஏன் மாட்டி வைத்தாய்?"

குளிரறைக்கு ஒரு வெப்பமானி வருவதாக இருந்தது
என்று தொடங்கி
நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று நான்கு.
பூலோன்காரி முதல் விலை கேட்கிறாள்.
யாத்விகா குழாயைத் திறக்கிறாள்.
மஞ்சள் கேபிளைச் சுருட்டிக்கொண்டு
கால்களைத் தூக்கி
பெஞ்சில் உட்கார்கிறேன்,
தண்ணீர் என்னைக் கடந்து போகட்டும் என்று.