பிறவினை

"இந்த ஊருணியை வயி. சாத. வெட்டினார்" என்று இருந்தது.
"வெட்டுவித்தார்" என்று மாற்றினேன்.
நடுவில் ஒரு வி, அவ்வளவுதான்.
மறுநாள் கல்லுக்கட்டி அச்சகத்தில்
காதுகுத்து அழைப்பிதழ் ஒன்றுக்குப் பிழை பார்த்துவிட்டுத்
திறந்தால்
பழையபடி "வெட்டினார்".
தொகுத்தவர்: செம்புறாங்கல்.

பதினோரு நாள்.
நான் சேர்ப்பேன், அவர் கழிப்பார்.
கழித்ததற்குக் காரணமும் எழுதுவார்:
"மணிவிழா மலர், பக்கம் 14, இரண்டாம் பாரா."
மலர் அச்சடித்தது யார் வீட்டுக் காசு என்று கேட்டேன்.
"நீங்கள் காட்டும் குடமுழுக்கு மலர் மட்டும்
சாமி காசா?"

சிரித்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டே வியைத் திரும்பப் போட்டேன்.

தேவகோட்டையிலிருந்து மூன்றாவதாக ஒருவர்
பேச்சுப் பக்கத்தில் வந்து ஒரே வரி கேட்டார்:
கரையில் கல் இருக்குமே, அது என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை கூத்தங்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.
பங்குனி வெயிலில் தண்ணீர் நான்கு படி இறங்கியிருந்தது.
கல்லில் பாசி காய்ந்து செதிலாக நின்றது.
தேங்காய் நார் போதவில்லை,
செருப்பைக் கழற்றித் தேய்த்தேன்.
பிலவ௵ ஆனி௴
வயி. சாத. உபயம்.

உபயம்.
வினைச்சொல்லே இல்லை.
பதினோரு நாள் நாங்கள் இழுத்த கயிற்றில்
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
கல் கட்டியிருக்கவில்லை.

படத்தை ஏற்றினேன். இரவு வரை பதில் இல்லை.
பிறகு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது,
பேரேட்டின் பக்கம், ஓரம் செல்லரித்தது:

    ஊருணி வகை
    மண்வெட்டு ஆள் 43
    கூடை ஆள், பெண் 26
    ராக்கு, கூடை உடைத்த வகையில்
    கூலியில் கழிவு காலணா

கீழே: "பெட்டகத்தில் கிடந்தது.
வயி. சாத. என் பாட்டையா.
மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டார் போல.
உங்கள் வியைப் போட்டுக்கொள்ளுங்கள்."

அறுபத்தொன்பது பேரில்
ஒருத்திக்குத்தான் பெயர்.
அதுவும் காலணா பிடித்ததால்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு, என் கையாலேயே,
"அச்சில் வராத கணக்கு.
மற்றவர் சரிபார்க்க வழியில்லை.
விதிப்படி ஏற்க இயலாது" என்று எழுதினேன்.
போன வருடம் அந்த விதிக்கு
வாசகம் திருத்திக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.
ஜெயிக்க வைக்கும் தாளை
நானே திருப்பி அனுப்பியதில்
பெருமையா எரிச்சலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பெரிய பிடிவாதக்காரரய்யா நீங்கள்" என்றார்.
ஐயா என்று நினைத்திருக்கிறார்.
அதை மட்டும் நான் திருத்தவில்லை.

கடைசியில் இரண்டு மலரையும் அடிக்குறிப்புக்கு இறக்கி
இரண்டு வினையையும் எடுத்துவிட்டு
இப்படி வைத்தோம்:
"கரைக் கல்லில் 'வயி. சாத. உபயம்' என உள்ளது.
வெட்டியவர்கள் யாரெனத் தெரியவில்லை."
தேவகோட்டைக்காரர் சரி என்றார்.
விளக்கை அணைத்தேன்.

காலையில் பார்த்தால்
இரவு ஒன்று நாற்பதுக்கு ஒரு திருத்தம்.
"யாரெனத் தெரியவில்லை" போய்
"பெயர் அச்சில் இல்லை" வந்திருந்தது.
மீளமைக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது.
விரல் போகவில்லை.

தொகுத்தவர்: செம்புறாங்கல்.
காரணம்: ராக்கு.