நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

நூற்றுப் பன்னிரண்டு நாவல்களில்
எதை முதலில் எடுப்பது என்று
மருந்தகச் சன்னலுக்கு உள்ளிருந்து கேட்கிறாய்,
மாத்திரை எண்ணும் கை நிற்காமல்.
ஷம்ஷாத்,
இதை நின்றுகொண்டு சொல்ல முடியாது.
கோப்பிக்கடைக்கு வா.

முதல் புத்தகத்திலிருந்து தொடங்காதே.
வரிசையாகப் படிக்கிறவர்கள்
ஏழாவதில் செத்துப்போகிறார்கள், சலிப்பில்.
மாடசெல்வனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.
பக்கத்துக்கு ஒரு கொலுசு,
கொலுசுக்கு மூன்று ஆச்சரியக்குறி.
புளியமரம் இல்லாமல் அவருக்குப் பேய் இறங்காது.
யீஷூனில் புளியமரத்துக்கு நான் எங்கே போவேன்?
புளோக்குக்குப் பின்னால் ஒரு மழைமரம்,
அதிலும் முழுக்க மைனாக்கள்.

‘ஈரச் சுவர்’ பக்கமே போகாதே.
எண்ணூற்றுப் பத்துப் பக்கம்.
படித்து முடித்தேன்;
முடித்தேன் என்பதைத் தவிர
வேறொன்றும் நினைவில்லை.
இப்போது அது
காற்றில் என் அறைக்கதவு அடித்துக்கொள்ளாமல்
பார்த்துக்கொள்கிறது.

நடுவில் ஒரு நாற்பது இருக்கிறது.
மாதம் ஒன்று, சாணித்தாளில்,
கடன்காரன் வாசலில் நிற்க நிற்க எழுதியவை.
கதாநாயகியின் பெயர் பாதியில் மாறும்.
மாடியே இல்லாத வீட்டில் மாடிப்படி வரும்.
ஆனாலும் அவற்றில் யாராவது கதவைத் தட்டினால்
நிஜமாகவே உனக்கு வயிறு கலங்கும்.
அந்தத் தட்டல் மட்டும்
அவர் கற்பனை செய்ததில்லை.
அவற்றை எம்ஆர்டியில் படி.
பீஷான் வருவதற்குள் இரண்டு பேர் இறந்திருப்பார்கள்.

ஏழாம் மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதே
என்பார் எதிர்வீட்டுத் திருமதி கோ.
கீழே புல்தரையில், தகர டின்னில்,
காகிதப் பணம் எரியும்.
சாம்பல் ஒன்பதாம் மாடிவரை ஏறிவந்து
காயப்போட்ட என் சீருடையில் உட்காரும்.
நான் அதைப் படித்தது அந்த மாதத்தில்தான்.

எதை என்று இன்னும் சொல்லவில்லை, இல்லையா?
‘ஒரு ஜோடி அதிகம்’. நூற்று நான்கே பக்கம்.
அங் மோ கியோ நூலகத்தில் இருக்கிறது,
தமிழ் அலமாரியின் அடித்தட்டில்,
குந்தி உட்கார்ந்தால்தான் கண்ணில் படும்.
ஆனால் அதில் கடைசித் தாள் இல்லை.
என்னுடையதைத் தருகிறேன்.

கதை இவ்வளவுதான்:
தனியாக இருக்கும் ஒருத்தி
வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள்.
வாசலில் அவள் செருப்புகளோடு
இன்னொரு ஜோடி.
ஆண் செருப்பு. ஈரமாக.
மறுநாளும் அதே இடத்தில்.
மூன்றாம் நாள் அது அங்கே இல்லை.
அன்றைக்குத்தான் அவள் பயப்படுகிறாள்.

அந்தப் பக்கத்தில்
மனுஷன் ஓர் ஆச்சரியக்குறிகூடப் போடவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
கிருபாகரன் பெட்டியோடு போன வாரம்
தேக்காவில் ஒன்பது வெள்ளி கொடுத்து
பத்தாம் நம்பர் ஆண் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன்.
இங்கே ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பது
நடைபாதைக்குத் தெரியக்கூடாது.
இரண்டு நாளுக்கொரு முறை கொஞ்சம் நகர்த்தி வைப்பேன்.
மழை பெய்தால் குழாயில் நனைத்து வைப்பேன்.
ஆறு வருஷமாக.
புத்தகத்தை மூடிய அந்த ராத்திரி
மூன்று தரம் கதவைத் திறந்து பார்த்தேன்,
அது வெளியில்தான் இருக்கிறதா என்று.

இருந்தது.
ஓர் ஆண் செருப்பைப் பார்த்து அத்தனை நிம்மதி
கல்யாணமான புதிதில்கூட
எனக்கு வந்ததில்லை.

அதனால், அதில் தொடங்கு.
பிடிக்காவிட்டால் ‘ஈரச் சுவர்’ தருகிறேன்,
உன் கதவுக்கும் ஆகும்.

வியாழக்கிழமை
புத்தகத்தைத் திருப்பித் தருகிறாய்,
நடுவில் ஒரு மருந்துச் சீட்டு அடையாளமாக.
நன்றாயிருந்தது என்றோ
பயமாயிருந்தது என்றோ சொல்லவில்லை.
மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளிக்கொண்டே
தலை தூக்காமல் கேட்கிறாய்:
அக்கா,
தேக்காவில் எந்தக் கடை?