மோதிர விரல், காட்சி நான்கு

ஏரியிலிருந்து பூதம் எழுந்து வருகிறது.
உயரம் நூற்றிருபது அடி, படத்தில் விஞ்ஞானி சொல்கிறார்.
தண்ணீர் அதன் கழுத்துவரை.
எங்கள் ஏரியில்
இடுப்புக்கு மேல் நனைய வேண்டுமென்றால்
உட்கார வேண்டும்.
சூலூர்பேட்டை தியேட்டரில் அந்த இடத்தில்
இறால் பிடிக்கிறவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

ஆடி மாதம் என்று எழுத்துப் போடுகிறார்கள்,
பின்னால் பூநாரைக் கூட்டம்.
சூரியன் கடலுக்குள் இறங்கி மறைகிறது,
ஆமாம், இந்தக் கிழக்குக் கடலுக்குள்.
சோதனைச்சாவடியில் லாரிகள் நாற்பது;
பூதம் காலைத் தூக்கி வைப்பதற்குள் ஏழு.
டீக்கடைப் பலகை தெலுங்கில் இருந்து
அது திரும்பிப் பார்ப்பதற்குள் தமிழாகிவிடுகிறது.
அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்,
ஆரம்பாக்கத்தில் அது நடக்கும்.

பெஞ்சலய்யா மூன்று முறை சாகிறான்.
படகுத்துறையில் நசுங்கி,
பஸ்ஸுக்குள் எரிந்து,
கடைசியில் மதில் சரிந்து.
மூன்றுக்கும் அதே பச்சை லுங்கி.
ஒரு சாவுக்குத்தான் காசு தந்தார்கள் என்று
இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான், பாதி தெலுங்கில்.

என்னைத் தேடுகிறவர்கள்
நான்காவது காட்சியில் பார்க்கலாம். காலைச் சந்தை.
பூதம் இருப்பதே யாருக்கும் தெரியாது.
மடவைக் கூடைக்குப் பின்னால் நீலச் சேலை,
காக்கையை விரட்டக் கை தூக்குகிறேன்.
மோதிர விரலில் வெள்ளைக் கட்டு,
நுனியில் பழுப்பாய் ஒரு பொட்டு.

அப்புறம் பூதம் வருகிறது, பாலம் உடைகிறது,
ஜனம் ஓடுகிறது, ஜனத்தோடு நான்.
கட்டு இல்லை.
பத்து விரலும் நகத்தோடு விரிகின்றன
காமிராவுக்கு நேரே.

எங்கள் லைன் பெண்கள் சிரித்தார்கள்.
"பூதம் வந்ததும் காயம் ஆறிடுச்சுடி,
நாமளும் ஒண்ணு வாங்கிக் கட்டிப் போடலாம்."

படம் எடுக்கிறவர்களுக்கு முடிவுதான் முதலில்.
நான் ஓடியது வெள்ளிக்கிழமை, லீவு போட்டு.
சனி ராத்திரி ஷிப்ட்.
தடா தாண்டிக் கம்பெனி, ஆறாம் நம்பர் பிரஸ்.
காப்புக் கதவு மூடாமலே இறங்குகிறது என்று
இரண்டு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தோம்.
அது உறுமவில்லை.
முன்கூட்டியே இசை எதுவும் கேட்கவில்லை.
திங்கட்கிழமை சந்தை எடுத்தார்கள்,
அறுநூறு ரூபாய். போனேன்.

துணை இயக்குநர் ஜெஸிந்தா, சின்னப் பெண்,
எதையும் எழுதிக்கொண்டே இருப்பாள்.
"அக்கா, கையக் கூடைக்குள்ள வச்சுக்குங்க."
வைத்தேன்.
காக்கை வந்தது.

இப்போது கம்பெனி சொல்கிறது,
விரல் போனது ஷூட்டிங்கில்.
ஷூட்டிங்கில் இல்லையென்றால் வீட்டில்.
அதிகாரி தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து
படத்தை ஓட்டிக் காட்டினார்.
"பாரும்மா. காலையில கட்டு. சாயங்காலம் விரல் முழுசா இருக்கு.
அப்ப கட்டு மேக்கப்தானே?
போனது அதுக்கப்புறம், எங்கேயோ."
அவருக்குப் படம் நேராக ஓடுகிறது.

லேபர் ஆபீசுக்கு மனு தெலுங்கில் வேண்டும்.
பெஞ்சலய்யா எழுதினான்.
'பின்னால் நடந்தது முன்னால் வருகிறது'
என்கிற வரியில் மூன்று தாள் கிழித்தான்.
சாட்சிக்கும் அவனே வருகிறானாம்.
மூணு வாட்டி செத்தவன் பொய் சொல்லுவானா, என்கிறான்.

நேற்று ஜெஸிந்தா
நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள்.
தேதி. திங்கள். காட்சி நான்கு.
நீலச் சேலை, இடது கை மோதிர விரல், கட்டு, ரத்தம்.
முதல் நாள் இல்லை.
ஓரத்தில் சிவப்பு மையில் பெரிதாக: தவறு.
அந்தச் சிவப்பை மறைத்துவிட்டு அனுப்பட்டுமா அக்கா
என்று கேட்டிருந்தாள்.

வேண்டாம் என்றேன்.
அந்த வார்த்தை எனக்கு வேணும்.