ஆறாம் தரம்

பேரணாம்பட்டில் முப்பத்தொரு வருடம்
தோல் தரம் பிரித்தவன் நான்.
வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தால்
ஆட்டின் முழு வாழ்க்கையும் தெரியும்:
வேலி முள் கிழித்தது, உண்ணி கடித்தது,
அம்மை வந்து ஆறியது.
ஒரு புள்ளிக்கு ஒரு தரம் இறங்கும்.
ஆறாம் தரத்துக்குக் கீழே பெயர் கிடையாது,
சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து ஒதுக்குவோம்.

எப்சிபாவை முதலில் கையெழுத்தாகத்தான் தெரியும்.
வேலூர் ஆஸ்பத்திரியில்
என் மனைவியின் கட்டில் காலில் தொங்கிய அட்டையில்
கமருன்னிசா என்று
கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல் எழுதியிருந்தது.
நாற்பது கட்டிலுக்கும் அப்படித்தான்.
கொம்பு சாயவில்லை, கால் நொண்டவில்லை.
யார் எழுதுவது என்று விசாரித்துப் போனேன்.
பேரணாம்பட்டு என்றதும்
என் பெயரைக்கூடக் கேட்கவில்லை,
"தோல் கிடைக்குமா?" என்றாள்.

சுவிசேஷம் ஒன்றை
முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை
தோலில் எழுத வேண்டுமாம்.
காகிதம் போதாதா என்றேன்.
"அவர் வார்த்தையாக இருந்து உடம்பெடுத்தவர்.
காகிதத்துக்கு உடம்பு ஏது?"

கழிவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
சுண்ணாம்புக் குழியோடு நிறுத்துங்கள்,
பதனிட வேண்டாம் என்றாள்.
பதனிடாத தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது
எங்கள் மேஸ்திரி சிரித்துக்கொண்டே இருந்தான்.

மை அவளே காய்ச்சியது.
சவ்வாது மலைக் கடுக்காய்,
நாட்டு மருந்துக் கடை அன்னபேதி.
எழுதும்போது ஆறிப்போன டீயின் நிறம்,
விடிந்து பார்த்தால் கருத்திருக்கும்.
"ராத்திரி வேலை என்னுடையது இல்லை" என்பாள்.
மணல் லாரிகள் விட்டுவைத்த
பாலாற்று நாணலில் பேனா.

ஏழு வருடம், மாதம் ஒரு தோல்.
முள் கீறிய தோல்
முள்முடிப் பக்கத்துக்கு வாய்த்திருந்தால்
சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும்.
வாய்த்ததோ
கானா ஊர்க் கல்யாணத்துக்கு.
அவர் குனிந்து விரலால் தரையில் எழுதிய இடம் வந்தபோது
நான்கு விரல் அகலம் சும்மா விட்டாள்.
தோல் வீணாகிறதே என்றார் போதகர்.
"என்ன எழுதினார் என்று சொல்லுங்கள் ஐயா,
எழுதிவிடுகிறேன்."

இன்னொரு பழக்கம்.
ஓலையில் எழுதியவர்களைப் போல
முதலில் புள்ளியே வைக்க மாட்டாள்.
பக்கம் முடிந்து, மை கருத்த பிறகு
எள் தூவுவதுபோல்
ஒரே மூச்சில் வைத்துக்கொண்டு போவாள்.
ஏன் இப்படி என்று கேட்டதற்கு
"புள்ளி வைத்தால் உயிர் போய்விடும், மெய் நிற்கும்.
ஒண்ணாம் வகுப்புப் பாடம்தானே" என்றாள்.

கடைசிப் பக்கம் எழுதிய வாரம்
குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் படி தவறி
வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.
மாவுக்கட்டோடு வந்து
நாணலையும் மைக்குப்பியையும்
என் மேஜையில் வைத்தாள்.
"நீங்கள் வையுங்கள்."
இது உங்கள் வேதம் அம்மா,
நான் ஐந்து வேளை தொழுகிறவன் என்றேன்.
"புள்ளிதானே.
புள்ளி பார்க்கிறவர்தானே நீங்கள்."

புள்ளியைக் கண்டதும் தரத்தை இறக்கிய கை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
இருநூற்றுப் பதினேழு வைத்தேன்.
ஒவ்வொன்றுக்கும்
அவளுடைய இடது சுண்டுவிரல் முன்னே போனது.
மீன் என்ற சொல்லில் மட்டும்
கை கனத்து
மிளகளவு பரவிவிட்டது.
சுரண்டிவிடலாம், கத்தி இருக்கிறது என்றேன்.

மை உலரட்டும் என்று டீ வாங்கிவரச் சொன்னாள்.
குடித்து முடித்து
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்,
நான் பிடிப்பதுபோலவே, தலையைச் சாய்த்து.
வெகுநேரம் பார்த்தாள்.
"ஏற்றுமதிக்கு ஆகாது" என்றாள்.
இடது கையால் சுருட்டி
சாப்பாட்டுப் பையில் செருகிக்கொண்டு
நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள்.