அவசரத்துக்கு

கல்குடாவில் ஒரு வெள்ளைப் பாய்க்கப்பல்.
காலி வரை நான்கு இரவு.
கச்சான் காற்றுக் கிளம்புமுன் ஒரேயொரு பயணம்,
ஆறு பேருக்கு இடம், நாலு பேர் சேர்ந்தாயிற்று.
கரை தெரியாத தூரத்தில் போவோம் என்று
படிவத்தின் தலைப்பிலேயே போட்டிருந்தார்கள்,
ஏதோ சலுகை மாதிரி.

அந்த வரியில்தான் உதயசீலன் விழுந்தார்.
பன்னிரண்டு வருடம் கச்சேரியில்
காணி உறுதிகளில் எல்லை பார்த்தவர்:
வடக்கே வேலி, தெற்கே ஒழுங்கை,
கிழக்கே இன்னாரின் தென்னந்தோட்டம்.
எல்லை போடாத ஒன்றை ஒருதரம் பார்க்கவேணுமாம்.

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இராவில் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் காவல்.
குளிக்கக் கடல் தண்ணீர்.
வாந்திக் குளிசை அவரவர் பொறுப்பு.
விலையைச் சொல்லமாட்டேன்,
குசினிக்குக் கூரை மாற்றலாம்.

நீந்தத் தெரியுமா? ஓரளவு.
நெஞ்சு வருத்தம்? இல்லை.
அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது?

நான் அவர் பேரை எழுதினேன்.
அவர் என் பேரை எழுதியிருந்தார்.
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தபோது
சிரிப்பு வந்தது.
சிரிப்பு நின்ற பிறகும்
பேனை மூடாமல் கிடந்தது.
அக்கா ஸ்காபரோவில், படுக்குமுன் போனை நிறுத்திவிடுவாள்.
அவருடைய தம்பியோடு ஒரு வேலிக்காகப் பேச்சில்லை.
பிள்ளை இல்லையா என்று
இவ்வளவு சின்னக் கட்டத்துக்குள்
யாரும் கேட்டதில்லை.

"சரி, தீவு சுத்துவம்" என்றார்.

இரண்டு மணித்தியாலம். பேர்கூடக் கேட்கவில்லை,
தலையை எண்ணிக் காசு வாங்கினார்கள்.
புளியந்தீவில் குடியிருந்துகொண்டு
தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவள்
காசு கொடுத்துத் தீவு பார்க்கப் போனேன்.
எருமைத்தீவில் கொக்கு, கண்டல்,
யாரோ விட்டுப்போன சோடாப் போத்தல்.
எருமையைக் காணவில்லை.

திரும்பும் வழியில் எஞ்சின் இருமி நின்றது.
கல்லடிப் பாலத்தில் பஸ் விளக்குகள் எரிந்துவிட்டன.
எங்கள் வீட்டுத் தண்ணீர்த்தாங்கி தெரிகிறது,
நாங்கள் நடு வாவியில்.
அவர் முழங்கையில் என் நகம் பதிந்திருந்தது.
தோணிக்காரர் சபூர்தீன்
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
அப்படியே தண்ணீருக்குள் குதித்தார்.

இடுப்பளவு.

"பயப்புடாதீங்க, இந்தப் பக்கம் எல்லாம் இவ்வளவுதான்."
கயிற்றைத் தோளில் போட்டு நடந்தார்,
மாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறவரைப் போல.
கொஞ்ச நேரத்தில் உதயசீலனும் சப்பாத்தைக் கழற்றி இறங்கி
பின்னால் நின்று தள்ளினார்.
இருவரின் பாதணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு
நான் மட்டும் பயணி.

கரையில் சபூர்தீன் நம்பர் தந்தார்:
"எப்பயாச்சும் தேவைப்பட்டா எடுங்க."

இரவு, அவர் கால்ச்சேறு கழுவும் சத்தம்.
படிவத்தை எடுத்தேன், நாளை கடைசி நாள்.
மூன்றாம் கேள்வியில் அவர் பேரை வெட்டி
சபூர்தீன் என்று எழுதி, நம்பரும் போட்டேன்.
பக்கத்தில் உறவுமுறை என்றொரு கட்டம்.
அதை விட்டுவிட்டேன்.

துவாயோடு வந்து எட்டிப் பார்த்தார்.
"அந்த மனிசனுக்குச் சொல்லாமலா?"
"விடியக் கேப்பம்."
"காலி வரைக்குமா?"

குளிசை எங்கே வைத்தேன் என்று
அலுமாரியைத் திறந்தேன்.