முளைக்காத கொம்பு

டென்வர். வெளியே பனி.
விளக்கடியில் 1926-இன் ஐந்து சென்ட்,
நாலு தெரு தள்ளி அச்சடித்தது.
காட்டெருமைக்குக் கொம்பில்லை,
தோளில் ரோமமில்லை.

"தேய்ஞ்சது" என்கிறான் வெண்டல்
ரொட்டியை மென்றபடி.

மெல்லச் சாய்க்கிறேன்.
விளிம்பில் பிறந்த ஒளி
சக்கரமாய்ச் சுற்றி
கொம்பிருக்க வேண்டிய இடத்தையும்
தட்டாமல் தடுக்காமல் கடக்கிறது.

எவர் பையிலும் குலுங்காதது.
ஒரு காப்பிக்கும் போகாதது.
அச்சு அன்றைக்கு
அரைமனதாய் இறங்கியிருக்கிறது,
அவ்வளவுதான்.

தேய்ந்த கொம்பென்றால் குறைத்திருப்பேன்.
முளைக்காததற்கு?
அறுபத்து நான்கு என்று எழுதுகிறேன்.
இன்னொன்று கூட்டக் கை வரவில்லை.

வெண்டல் லென்ஸை வாங்கி
நெடுநேரம் பார்க்கிறான்.
"வாங்குறவன் கொம்பைத்தானே கேப்பான்?"

கேட்பான்.
விலை அவன் பாடு.